மூணாவது கட்டத்துக் கிருமி

பக்கிரிசாமிக்கு வலது தோள் எரிந்தது. எட்டு வருஷமாகக் கட்டையின் இரண்டு முனையிலும் ரப்பர் பால் வாளியைத் தொங்கவிட்டுச் சுமந்த தோள். சதை காய்த்துப்போய் மாட்டுத் திமில் மாதிரி புடைத்திருந்தது. மழைக்காலத்தில்தான் அது எரியும். அன்றைக்கு மழை இல்லை, இருந்தும் எரிந்தது. என்னமோ நடக்கப்போகிறது என்று அவன் சந்தேகப்பட்டான்.

அவன் சந்தேகப்படாத நாள் கிடையாது. அரிசி அளக்கிற படியைச் சந்தேகப்படுவான். பால் நிறுக்கிற தராசைச் சந்தேகப்படுவான். தொரை சிரித்துவிட்டால் எதற்குச் சிரித்தான் என்று மூன்று நாள் யோசிப்பான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக் கூலியாக இருந்து, பிறகு மேரு பக்கத்துக் கித்தாத் தோட்டத்துக்கு, ரப்பர் மரம் சீவ வந்தவன். இரண்டு இடத்திலும் நம்பினவர்களுக்கு என்ன ஆனது என்பதைப் பார்த்திருக்கிறான்.

விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் கங்காணி ரெங்கசாமி லாந்தரைத் தூக்கிப் பிடித்துப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். புல்லுவெட்டு வரிசையில் பக்கிரிசாமியின் ஒரே மகள் மாரியாயி நின்றாள். வெளிச்சம் முகத்தில் பட்டதும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"என்னா, லாந்தர் வெளிச்சம் மகாராணிக்கு ஆகலையோ?"

"தலை வெடிக்குதாம் கங்காணியாரே. மூணு தடவை வாந்தி எடுத்தா. உடம்பு கொதிக்குது," என்றான் பக்கிரிசாமி.

"இங்க யாருக்குக் கொதிக்கல? ஏய், கீழ குனிஞ்சு அந்த மம்புட்டிய எடு."

மாரியாயி குனியப் பார்த்தாள். இடுப்பு வளைந்தது, முழங்கால் வளைந்தது, கழுத்து வளையவில்லை. முதுகுக்குள் கட்டையைச் செருகினாற்போல விறைத்து நின்றது. தாடை நெஞ்சுப் பக்கமே வரவில்லை.

"பாத்தியா திமிர! என் முன்னாடி தலை குனிய மாட்டேங்குறா." கங்காணி ஆள்கணக்குப் புத்தகமான செக்ரோலை எடுத்து எழுதினார். "கீழ்ப்படியாமை. அரை நாள் வெட்டு."

அவர் எழுதி முடிப்பதற்குள் மாரியாயி மம்புட்டி மேலேயே சரிந்து விழுந்தாள். கங்காணி அதையும் பார்த்துவிட்டு, அரை நாள் என்பதை அடித்து முழு நாள் என்று திருத்தினார்.

போன வாரம் அவர்கள் குடியிருக்கிற அதே லயத்தில் இரண்டு பிள்ளைகள் இப்படித்தான் கழுத்து விறைத்துப்போய்ச் செத்தன. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் ஒருவர் மூச்சை ஒருவர் இழுத்துக்கொண்டு படுக்கிற லயம் அது. தோட்டத்துப் புத்தகத்தில் ஒரு சாவு பேதி என்றும் மற்றது பூச்சிக்கடி என்றும் ஏறியிருந்தது. அந்த மாதத்துக்கு ஒட்டுக்காய்ச்சல் எதுவும் இல்லை என்று ஏற்கெனவே அறிக்கை போய்விட்டதால் வேறு வழியில்லை.

பக்கிரிசாமி மகளைத் தூக்கி, எரிகிற தோளிலேயே போட்டுக்கொண்டு நடந்தான். பின்னால் அவன் பெண்சாதி இராஜம்மா ஒரு மங்குக் கிண்ணத்தில் தண்ணீரோடு ஓடிவந்தாள். கிள்ளான் ரோட்டில் நாலு மைல்.

ஏழு தோட்டங்கள் சேர்ந்து நடத்துகிற கூட்டு ஆஸ்பத்திரி அது. வாசலில் இருந்த கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருக்கும். தென்னை மரங்களுக்கு இடுப்பு வரை சுண்ணாம்பு. பூந்தொட்டிக்குச் சுண்ணாம்பு. மாதம் ஒருமுறை பார்வைக்கு வருகிற கமிட்டியார் வெள்ளையாக இருக்கிறதை எல்லாம் சுத்தம் என்று எழுதிவிட்டுப் போவார்கள். உள்ளே எதிர்ச்சுவரில், கடைகளில் சாமி படம் மாட்டுகிற உயரத்தில், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பெரிய அட்டவணை தொங்கியது. நாலு கட்டம். இங்கிலீஷிலும் தமிழிலும் எழுத்து.

டாக்டர் இல்லாத நாளில் ஆஸ்பத்திரியை நடத்துகிற டிரசர் வல்லிபுரம் யாழ்ப்பாணத்தார், வேலை தெரிந்தவர். மாரியாயியை மேசையில் கிடத்தினார். பின்மண்டையில் கை கொடுத்துத் தூக்கினார். தலையோடு முதுகும் சேர்ந்து எழுந்தது. காலை மடக்கி நீட்டப் பார்த்தார், அவள் வீறிட்டாள்.

"மூளைக்காய்ச்சல்," என்றார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பக்கிரிசாமிக்கு ஆச்சரியமாக இருந்தது. பரவாயில்லை, ஆள் கெட்டிக்காரர்தான் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரை நம்பலாமா என்று யோசித்தான்.

டிரசர் கை கழுவினார். துடைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார்.

"வயது?"

பக்கிரிசாமிக்கு நம்பிக்கை வந்த வழியே போய்விட்டது. காய்ச்சலுக்கும் வயசுக்கும் என்ன சம்பந்தம்? தோட்டத்தில் வயசு கேட்பவன் எல்லாம் எதையோ பிடுங்கத்தான் கேட்டிருக்கிறான். கங்காணி மாரியாயியைப் பதினாறு என்று செக்ரோலில் ஏற்றி வைத்திருந்தார். பெரிய ஆள் ஒன்று வேலைக்கு வந்தால் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு, சின்னப் பிள்ளைக்குக் கிடையாது. 'எவன் கேட்டாலும் பதினாறு. மாத்திச் சொன்னே, லயத்தக் காலி பண்ணிட்டுப் போ' என்று அவர் சொல்லியிருந்தார். டிரசர் கங்காணியின் ஆளாக இருந்தால்?

"பதினாறுங்கய்யா."

இராஜம்மா அவன் விலாவில் கிள்ளினாள். டிரசர் மேசையில் கிடந்த உடம்பைப் பார்த்தார். அது மேசையில் பாதிகூட இல்லை. புத்தகத்தைப் பார்த்தார். பதினாறு என்று எழுதினார். பிறகு எழுந்து அட்டவணை முன்னால் போய் நின்று, விரலை மேலிருந்து கீழே இறக்கினார்.

"நாலாம் கட்டம். கவலைதான்."

"என்னாங்கய்யா கவலை?"

"இது எங்கட ஆஸ்பத்திரியின்ர அட்டவணை. ஏழு தோட்டத்துக் கமிட்டியும் பாஸ் பண்ணினது. முதலாம் கட்டம், பிறந்த பிள்ளைக்கு, ஒரு மாதம் வரைக்கும். அதுக்கு வாறது தாயிட்டயிருந்து பிரசவத்திலே ஒட்டுற குடல் கிருமி. ரெண்டாம் கட்டம், அஞ்சு வயது வரைக்கும். அதுக்கு இன்புளுவென்சாக் கிருமி எண்டு பேர். மூண்டாம் கட்டம், அஞ்சிலிருந்து பதினைஞ்சு. நெருக்கமாப் படுக்கிற இடத்திலே தொண்டைக்குத் தொண்டை தாவுற கிருமி. நாலாம் கட்டம், பதினைஞ்சுக்கு மேலே, கிழவர் வரைக்கும். நிமோனியாக் கிருமி. நெஞ்சிலிருந்தோ சீழ்க்காதிலிருந்தோ ஏறும்."

"அப்ப இவளுக்கு மருந்து?"

"மருந்து இருக்கு. ஐஸ் பெட்டியிலே பன்னிரண்டு போத்தல் சீரம். குதிரை ரத்தத்திலே செய்தது, சீமையிலிருந்து வந்தது. ஆனால் அது மூண்டாம் கட்டத்துக் கிருமிக்கு மட்டும்தான் கேட்கும். நாலாம் கட்டத்துக்குத் தலையிலே ஐஸ் வைக்கலாம். கும்பிட ஆட்சேபணை இல்லை."

பக்கிரிசாமிக்கு அப்போதுதான் விளங்கியது. வயசு என்று அவன் வாயிலிருந்து விழுந்த ஒரு சொல் அந்த ஐஸ் பெட்டியைப் பூட்டிவிட்டது.

"ஐயா, பொய் சொல்லிட்டேன்யா. ஒம்பதுதான்யா. பெரிய வெள்ளம் வந்தப்ப பிரிக்பீல்ட்ஸ்ல பொறந்தவ."

டிரசர் பேனாவை மூடினார். இப்போது சந்தேகப்படுவது அவர் முறை.

"மருந்து இருக்கெண்டு கேட்டவுடனே ஏழு வயது குறைஞ்சு போச்சோ? முதல்லே சொன்னது பதினாறு, எழுதியாச்சு. மையிலே எழுதினதை நான் திருத்தேலாது."

"அவளப் பாத்தாலே தெரியலையாய்யா?" என்றாள் இராஜம்மா.

"பார்த்துத் தெரிஞ்சு கொள்ளுறதுக்கு நான் ஆர்? கிருமிக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு, அம்மா. ஒன்பது வயதுக்கு வாறது பதினாறு வயதுக்கு வராது. வந்தால் அது கிருமியின்ர பிழை, ஆஸ்பத்திரியின்ர பிழை இல்லை."

"கிருமி யாருன்னு பாக்க வழியே இல்லையா?"

"ஏன் இல்லை? முதுகுத்தண்டிலே ஊசி போட்டு நீர் எடுத்துக் கண்ணாடியிலே பார்த்தால் தெரியும். பெரிய டாக்டர்தான் எடுக்க வேணும். வியாழக்கிழமை வருவார். முன்னமே கூப்பிடுறதெண்டால் பாரம் நிரப்பிப் போன் பண்ண வேணும். பாரத்திலே முதல் கேள்வி, எந்தக் கட்டம்? அது சரியா விழாமல் மற்றக் கேள்விக்குப் போகேலாது."

அன்று செவ்வாய்க்கிழமை காலை.

பக்கிரிசாமியை ஆஸ்பத்திரி ஆபீசுக்கு அனுப்பினார்கள். அங்கே கணக்கெழுதுகிற கிராணி விநாயகமூர்த்தியும் யாழ்ப்பாணத்தார்தான். மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறவர்.

"வெள்ளத்திலே பிறந்தவள் எண்டு சொல்லுறாய். பிறந்த சீட்டு?"

"வெள்ளத்துல போச்சுங்க. ரயில்வே லயத்துல கழுத்து மட்டும் தண்ணி. இவ ஆத்தாள ஒரு கூட்ஸ் வண்டி மேல ஏத்தி வெச்சோம், அங்கதான் பொறந்தா."

"வெள்ளத்துக்குச் சாட்சி?"

"ஊரே சாட்சிங்க. கோலாலம்பூரே முழுகிச்சே."

"ஊர் கையெழுத்துப் போடுமோ?"

கிராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். குரல் கொஞ்சம் இளகியது.

"எனக்குத் தெரியும் அந்த வெள்ளம். நான் அப்ப பிரிக்பீல்ட்ஸிலேதான் குடியிருந்தனான். என்ர ராலி சைக்கிள் அதிலேதான் போனது. புதுச் சைக்கிள். மூண்டு நாள் தேடினனான்."

"அப்ப உங்களுக்கே தெரியுமே சாமி! ஒம்பது வருசம் ஆச்சுதானே?"

"ஓம், ஒன்பது வருஷம். வீட்டிலே எனக்குத் தெரியும். ஆபீசிலே எனக்குத் தெரியாது." கிராணி மறுபடி பேனாவை எடுத்தார். "தோட்டத்துப் புத்தகங்களோட கங்காணியை நாளைக்கு வரச் சொல்லுறேன். வயது விசாரணை வைப்பம்."

விசாரணை முடிகிற வரைக்கும் மாரியாயியை எங்கே படுக்க வைப்பது? பதினாறு என்றால் பொம்பளை வார்டு. ஒன்பது என்றால் பிள்ளை வார்டு. எந்த வார்டிலும் அவள் பேரில் கட்டில் எழுத முடியவில்லை. டிரசர் இரண்டு பக்கத்துக்கும் அநியாயம் வராமல் ஒரு ஏற்பாடு செய்தார். காலையில் பொம்பளை வார்டு, மத்தியானத்துக்கு மேல் பிள்ளை வார்டு. தூக்கும்போதெல்லாம் அவள் கத்தினாள். மூணாவது தடவை தூக்கியபோது கத்தவில்லை. கையும் காலும் வெட்டி இழுத்தன, வாயோரம் நுரை தள்ளியது. இராஜம்மா அவளைப் பிடித்துக்கொண்டு, "பாவிங்களா, ஒரே எடத்துல போடுங்கடா!" என்று அலறினாள். அமைதி குலைத்ததற்காக அவள் பேரை வேறொரு புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்.

புதன்கிழமை கங்காணி ரெங்கசாமி வந்து சேர்ந்தார். கோட்டுப் போட்டு, நெற்றியில் விபூதி அடித்து, கக்கத்தில் இரண்டு புத்தகங்களை இடுக்கியிருந்தார். கிராணி நடுவில் உட்கார்ந்தார், டிரசர் பக்கத்தில். பக்கிரிசாமி கதவோரம் நின்றான்.

"சொல்லும் கங்காணி. இந்தப் பிள்ளைக்கு என்ன வயது?"

கங்காணி பக்கிரிசாமியை ஒரு பார்வை பார்த்தார். "செக்ரோல்ல பதினாறுங்க. புல்லுவெட்டுல ரெண்டு வருசமா முழு ஆள்."

"பதினாறுக்கு இவ்வளவுதான் உயரமோ?"

"குட்டையா வளந்தவங்க. சாதி அப்படி."

"அந்த மற்றப் புத்தகம் என்ன?"

அதைக் கங்காணி காட்ட விரும்பியதாகத் தெரியவில்லை. இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியிருந்ததால் சேர்ந்து வந்துவிட்டது. கிராணி இழுத்துப் பிரித்தார். ஆயாக் கொட்டகைப் பால் புத்தகம். தாய்மார் வேலைக்குப் போனால் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கொட்டகை அது. அஞ்சு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு வாரத்துக்கு ஒரு டப்பி பால் கணக்கு. கிராணி விரலை ஓட்டினார். நின்றார்.

"மாரியாயி, தகப்பன் பக்கிரிசாமி. வயது நாலு." அடுத்த பக்கம் புரட்டினார். "போன வருஷமும் நாலு. அதுக்கு முதல் ரெண்டு வருஷமும் நாலு. இது வேற பிள்ளையோ?"

"இல்லீங்க. ஒரே ஆளுதான்."

"அப்ப இவளுக்கு என்ன வயது?"

கங்காணி கொஞ்சமும் அசரவில்லை. "வேலைக்குப் பதினாறுங்க. பாலுக்கு நாலு."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. பக்கிரிசாமி மனசுக்குள் இரண்டையும் அடுக்கிப் பார்த்தான். விடியக்காலை பதினாறு வயசில் மம்புட்டி பிடித்த அவன் மகள், வெயில் ஏறியதும் நாலு வயசில் போய்ப் பால் வாங்கியிருக்கிறாள். அந்தப் பாலின் நிறத்தை அவன் வீட்டில் ஒருவரும் கண்டதில்லை. கங்காணி வீட்டுக் கொல்லையில் காலிப் பால் டப்பியில் ரோஜாச் செடி நிற்பதை மட்டும் பார்த்திருக்கிறான். நாற்பது, ஐம்பது டப்பி இருக்கும். அப்போதே அவன் சந்தேகப்பட்டான்.

"இது பெரிய சிக்கலாப் போச்சு," என்றார் டிரசர். "ஒண்டிலே குட்டையான பதினாறு. மற்றதிலே நெட்டையான நாலு. நாலெண்டால் ரெண்டாம் கட்டம். பதினாறெண்டால் நாலாம் கட்டம். மூண்டாம் கட்டத்துக்குப் பத்திரமே இல்லை."

கிராணியின் முகம் திடீரென்று மலர்ந்தது. காகிதத்தில் கணக்குப் போட்டார். "ரெண்டு புத்தகமும் சரியான புத்தகம். ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் பத்து! மூண்டாம் கட்டம்!"

"கிருமிக்குச் சராசரி தெரியாது காணும்," என்றார் டிரசர் வருத்தத்தோடு. "கமிட்டி கேட்டால் என்ன சொல்லுவீர்?"

பக்கிரிசாமி முன்னால் வந்தான். "சாமி, அவ அங்க இழுத்துக்கிட்டுக் கெடக்குறா. நீங்க என்னா சொல்லணும்னாலும் சொல்லுங்க, நான் சொல்றேன். அந்தப் பொட்டியத் தொறங்க."

இரண்டு யாழ்ப்பாணத்தாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கங்காணி கூரையைப் பார்த்தார். கிராணி தொண்டையைச் செருமினார்.

"பாரும், புத்தகம் பிழை எண்டு சொல்லேலாது. தொரை கையெழுத்துப் போட்ட புத்தகம். கங்காணி பிழை எண்டும் சொல்லேலாது. அவர் இந்தக் கமிட்டிக்குச் சந்தா கட்டுற ஆள். ஆனால் ஆரோ ஒரு ஆள் தப்பாச் சொல்லிப் புத்தகத்தை ஏமாத்தினதாக இருந்தால், அந்த ஆள் ஒத்துக்கொண்டால், புத்தகம் சுத்தமாகிவிடும். வயதும் ஒன்பது எண்டு விழுந்துவிடும்."

"எழுதுங்க," என்றான் பக்கிரிசாமி.

கிராணியின் கையெழுத்து அழகாக இருக்கும். எழுதி முடித்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "பக்கிரிசாமியாகிய நான், என் மகளுடைய வயதை என் சுயலாபத்துக்காகச் செக்ரோலில் ஏற்றியும் பால் புத்தகத்தில் இறக்கியும் கொடுத்து, தோட்டத்தாரையும் கங்காணியாரையும் மோசம் செய்து, கூடுதல் சம்பளமும் பாலும் அனுபவித்தேன் என்றும், அவளுக்கு மெய்யாக வயது ஒன்பது என்றும், அனுபவித்த பாலைத் திருப்பிக் கட்டச் சம்மதிக்கிறேன் என்றும்…"

"பால் குடிச்சது யாருன்னு போடலையே?"

"அது இந்தப் பத்திரத்துக்குத் தேவையில்லை."

கங்காணி ரெங்கசாமி மசிப் பெட்டியைத் தானே எடுத்து நீட்டினார். "பிள்ளை உயிருதான் பெருசு, பக்கிரி. நல்லா அழுத்து," என்றார். ரொம்பப் பாசமாகச் சொன்னார்.

பக்கிரிசாமி வலது கைப் பெருவிரலை அழுத்தினான். எட்டு வருஷம் மரம் சீவுகிற கத்தி பிடித்த விரலில் ரேகை தேய்ந்திருந்தது. சரியாக விழவில்லை என்று இரண்டாம் தடவை அழுத்தச் சொன்னார்கள்.

பாரத்தில் கட்டம் விழுந்தது. டிரசர் போன் பண்ணினார். கிள்ளானிலிருந்து பெரிய டாக்டர் காரில் வந்து இறங்க அரை மணி நேரம் ஆனது. அரை மணி நேரம்தான். பக்கிரிசாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் அவனுக்குத் தெரியும்.

மாரியாயியை ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் பிடித்தார்கள். முதுகுத்தண்டில் நீளமான ஊசி இறங்கியது. இந்த வெள்ளைக்காரன் எதை உறிஞ்சுகிறான், எங்கே கொண்டுபோய் விற்கப்போகிறான் என்று பக்கிரிசாமிக்குப் பதறியது. ஊசி முனையிலிருந்து சொட்டியது அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. டாக்டர் அதில் ஒரு துளியைக் கொண்டுபோய்ச் சாயம் போட்டுப் பூதக்கண்ணாடிக் குழாயில் குனிந்து பார்த்தார். டிரசரும் பார்த்தார்.

"ரெண்டு ரெண்டாய், அவரைப் பருப்பு ஒட்டினாப்போல," என்று டிரசர் கூவினார். "மூண்டாம் கட்டத்துக் கிருமிதான் சார்! அட்டவணை பிழை விடேல்லை!"

போத்தல் திறந்தது. அதே ஊசி வழியாகச் சீரம் உள்ளே போனது.

டாக்டருக்குத் தோட்டத்துத் தமிழ் வரும். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இந்தப் புள்ள எப்ப வந்துச்சு?"

"நேற்றுக் காலமை, சார்."

"நேத்தா? இவ்வளவு நேரம் எதுக்கு?"

"வயதுக்கு, சார்."

டாக்டர் எழுந்துபோய் அட்டவணைக்கு முன்னால் நின்றார். கழுத்து சிவந்தது. "இது நான் எழுதினது. ஒவ்வொரு கட்டத்திலேயும் 'பெரும்பாலும்'னு போட்டிருந்தேன். இந்த வயசுல பெரும்பாலும் இந்தக் கிருமி. எந்த வயசுக்கும் எந்தக் கிருமியும் வரலாம், முதல்லே ஊசி போட்டுப் பாருன்னு கீழே எழுதியிருந்தேன். எங்க அது?"

கிராணி அடக்கமாகப் பதில் சொன்னார். "கட்டம் ஒடுக்கம், சார். போர்டு எழுதுறவன் எழுத்துக்கு இவ்வளவு எண்டு கேட்டான். கமிட்டி கூடிப் பேசிச் சின்னச் சொல்லுகளை எடுத்துப்போட்டது. பார்க்கவும் வடிவா இருந்தது."

டாக்டர் கத்தப்போகிறார் என்று பக்கிரிசாமி காத்திருந்தான். இந்த ஆள் நம் பக்கம் என்று இரண்டாவது தடவையாக நம்பினான். டாக்டர் வாயைத் திறந்தார். அப்போது கிராணி சேர்க்கைப் புத்தகத்தையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"தேதி எப்படிப் போடட்டும், சார்? செவ்வாய் எண்டால் கமிட்டிக்கு விளக்கம் எழுத வேணும். நீங்களும் எழுத வேண்டி வரும். பாரம் முடிஞ்சது இண்டைக்குத்தானே. பாரம் முடிஞ்ச நேரம்தான் சேர்ந்த நேரமெண்டு ஒரு சட்டமும் இருக்கு."

டாக்டர் புத்தகத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த தடவை முதல்லே ஊசி," என்றார். புதன்கிழமை என்று கையெழுத்துப் போட்டார். அவரோடு அந்தச் செவ்வாய்க்கிழமையும் காரேறிப் போய்விட்டது.

மாரியாயிக்குத் தினம் ஒரு ஊசி போட்டார்கள். அஞ்சாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஏழாம் நாள் கஞ்சி குடித்தாள். கழுத்து தளர்ந்தது. தாடை நெஞ்சைத் தொட்டபோது இராஜம்மா ஓவென்று அழுதாள். ஆஸ்பத்திரி முழுக்கச் சந்தோஷம். டிரசர் அவள் கட்டிலுக்கு மேலே குணம் என்று சீட்டு ஒட்டினார். அந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் அட்டவணைக்கு ஒரு பாராட்டுத் தீர்மானம் போட்டார்கள். அஞ்சாவதாக ஒரு கட்டம் சேர்ப்பதாகவும் முடிவானது. வயது தகராறில் உள்ளவர்கள். கிருமி, பின்னர் அறிவிக்கப்படும்.

எட்டாம் நாள் பக்கிரிசாமி வார்டு வாசலில் நின்று, "மாரி," என்று கூப்பிட்டான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வெளியே சுண்ணாம்பு அடிக்கிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாரி, அப்பா வந்திருக்கேன்." திரும்பவில்லை. பதினாறு என்று சொன்னதற்குக் கோபமாக இருக்கிறாள் என்று அவன் சந்தேகப்பட்டான். நியாயமான கோபம்தான் என்றும் நினைத்தான். பக்கத்தில் போய், "தப்புதாம்மா, பயத்துல சொல்லிட்டேன்," என்றான்.

அப்போது ஒரு தாதியின் கையிலிருந்து எனாமல் பேசின் நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. வார்டில் இருந்த எல்லாரும் துள்ளிவிட்டார்கள். மாரியாயியின் முதுகு அசையவே இல்லை.

பக்கிரிசாமி டிரசரிடம் ஓடினான். டிரசர் வந்து காதருகே கை தட்டினார், மணி ஆட்டினார், முகத்தைச் சுருக்கினார். பாவம், நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"மூளைக்காய்ச்சலிலே இப்படி நடக்கிறதுண்டு. சீழ் உள்காதுக்குப் போயிருக்கும். சீக்கிரம் சீரம் ஏறியிருந்தால் சிலவேளை தப்பியிருக்கும்."

"சீக்கிரம்னா? செவ்வாக்கெழமையா?"

டிரசர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "செவ்வாய்க்கிழமை இவள் இங்கே வரேல்லை. புத்தகத்தைப் பாரும்."

"காதுக்கு மருந்து?"

"இந்த ஆஸ்பத்திரி இவளை மூளைக்காய்ச்சலுக்கு எடுத்தது. அது குணம். காதுக்கெண்டால் வேற பாரம்." பழக்கதோஷம், கை பேனாவைத் திறந்தது. "வயது?"

பக்கிரிசாமி மகளைத் தூக்கி அதே தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். வழியெல்லாம் இராஜம்மா மகளிடம் பேசிக்கொண்டே வந்தாள், பேசினால் கேட்டுவிடும் என்பதுபோல.

ஒரு மாதம் போனது. மாரியாயி வேலைக்கு வந்தாக வேண்டும். பத்திரத்தில் ஒன்பது என்று விழுந்துவிட்டதால் இனி அவளுக்கு முழுச் சம்பளம் இல்லை. அஞ்சைத் தாண்டியதால் பாலும் இல்லை. பெரட்டுக் களத்தில் மம்புட்டியோடு முன்வரிசையில் நின்றாள். கங்காணி லாந்தரைத் தூக்கிப் பிடித்தார்.

"மாரியாயி!"

அவள் லாந்தரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது வெளிச்சம் கண்ணைக் கூசவில்லை.

"மாரியாயி! ரெண்டு தடவ கூப்பிட்டாச்சு."

"ஆளு நிக்குதே கங்காணியாரே, உங்க கண்ணு முன்னாடியே," என்றான் பக்கிரிசாமி.

"எனக்குத் தெரியுதுய்யா. செக்ரோலுக்குத் தெரியணுமே. பேரு சொன்னா சத்தம் வரணும். சட்டம்." கங்காணி எழுதினார். "வரல."

வரவில்லை என்று எழுதப்பட்டவள் அன்றைக்குப் பொழுது சாயும் வரை புல் வெட்டினாள். இராஜம்மா மறுநாளிலிருந்து அவள் பின்னால் நின்று, பேர் கூப்பிடும்போது முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். தட்டினால் மாரியாயி, "இருக்கேன்," என்றாள். குரல் நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போனது, அவளுக்குத்தான் தெரியாது.

சம்பள நாளில் கிராணி அனுப்பியிருந்த சீட்டைக் கங்காணி வாசித்தார். பக்கிரிசாமி அனுபவித்த பால், நாலு வருஷத்துக்கு இருநூற்றெட்டு டப்பி. மாதம் நாலு டப்பி வீதம் பிடித்தம். அவன் கணக்குப் பார்த்தான். இன்னும் நாலு வருஷமும் நாலு மாதமும். அதற்குள் அவன் ஒரு சொட்டும் பாக்கியில்லாமல் கட்டி முடித்துவிடுவான். அவன் அப்படிப்பட்டவன்தான்.

கூட்டு ஆஸ்பத்திரிதான் மாரியாயிக்கு ரெண்டு காது பாக்கி.